படகுத்துறையில் மாத்திரை கொடுத்தவள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சபா மாநிலத்தின் மலைப்பக்கத்தில் குடியிருக்க ஒரு வீடு கிடைத்துவிட்டது, தண்ணீருக்கு மழையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, கிராமத்துக்கு ஒருவராகச் சுகாதாரத் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அம்மா இரண்டு தடவை வாசித்துவிட்டு, "சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை" என்று குறைப்பட்டாள். கடைசிப் பக்கத்தில் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாய்: ஃபெரி ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மாத்திரை கொடுக்க நான் நடத்திய பயிற்சியின் குறிப்புகள் இருந்தால் அனுப்பச் சொல்லி. இருக்கின்றன. அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பை இறக்கித் தூசி தட்டி முழுவதையும் வாசித்தேன். எத்தனை வகுப்பு, எந்த மருந்து, எந்தப் படம் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நடந்தது என்னவென்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை. ஆகவே கோப்பின் நகலைத் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். நடந்ததை இங்கே எழுதுகிறேன். இது உனக்குத் தெரிந்த கதைதான் என்று நினைத்துத் தாண்டிவிடாதே. வீட்டில் நீ கேட்டு வளர்ந்ததெல்லாம் நான் நல்லவனாக வருகிற கதை.

அந்த நாட்களில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய காசநோய்க் கிளினிக்கில் நான் மருத்துவ உதவியாளர். சனங்களின் வாயில் டிரசர். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து ரயில்வே அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். வீட்டில் இங்கிலீஷ் பத்திரிகை, வெளுத்துத் தேய்த்த சட்டை, யாருடன் எவ்வளவு கதைப்பது என்பதில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கோடுதான் நானும் வளர்ந்தேன். கிளினிக் வரிசையில் நின்ற சனங்களில் பாதிப்பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அவர்களின் குடும்பங்களும். நானும் அவர்களும் பேசியது ஒரே மொழிதான். ஆனாலும் என் வாயிலிருந்து அவர்களுக்கு "நீ"யும் "வா"வும்தான் வரும்; என்னைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அப்படித்தான். ஊசி குத்துவதில் எனக்கு நல்ல கை. வலிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அதனாலேயே நான் இரக்கமுள்ளவன் என்று என்னைப் பற்றி நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

முனியாண்டி என்று ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, அகலமான தோள். சளியில் கிருமி இருப்பது உறுதியானதும் சிகிச்சை தொடங்கினோம். முதல் சில மாதங்கள் தினமும் கிளினிக்குக்கு வந்து, எங்கள் கண்முன்னே மருந்து எடுக்கவேண்டும். முதல் மூன்று வாரம் தவறாமல் வந்தார். இருமல் குறைந்து, முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பிறகு இரண்டு நாள் வரவில்லை, வந்தார். நான்கு நாள் வரவில்லை, வந்தார். கடைசியாக ஆறு நாள் கழித்து வந்து வரிசையில் நின்றபோது அவருடைய அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முப்பது பேருக்குக் கேட்கும்படி பேசினேன். சொன்ன சொற்களை உனக்கு அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நான் அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. "உனக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும் ஏறாது. சாகிறதென்றால் தனியாகச் செத்துப்போ. வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகாதே." அவர் அன்றைய மருந்தை விழுங்கிவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. அட்டையில் சிவப்பு மையால் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதி, வராதவர்களின் பெட்டியில் போட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இரத்தம் கக்கிய பிறகு. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததும் அட்டையைத் தேடி எடுத்து, அடுத்த வரியில் இறந்தார் என்று எழுதினேன். அதற்கும் அதே சிவப்பு மைதான்.

காரியம் முடிந்த சில நாளில் அந்த அம்மாள் கிளினிக்குக்கு வந்தாள். லெட்சுமி என்று பெயர். குட்டையான உருவம், எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை. ஜெட்டிக்கு எதிரே இருந்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் விடியற்காலையிலிருந்து பாத்திரம் கழுவும் வேலை. வீட்டிலுள்ளவர்களைப் பரிசோதிக்கவேண்டும் என்று ஆளனுப்பியிருந்தோம். மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் குடும்ப விவரம் எழுதுவதற்காக முனியாண்டியின் அட்டையை மேசையில் வைத்திருந்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செவப்பு எழுத்துல மேல் வரியில என்ன எழுதியிருக்கு டிரசர்?"

"ஒழுங்காக வரவில்லை என்று."

"ரெண்டு வார்த்தை இருக்கே."

நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். அவள் விடவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதான் கேக்குறேன். உசுரோட இருந்தப்ப அவர பத்தி கடைசியா எழுதினது என்னன்னு எனக்குத் தெரியவேணாமா?"

"ஒத்துழைக்காதவர்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை வாயால் சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "இருபத்தி ரெண்டு வருசம் மூட்ட தூக்கினாரு. ஒருத்தர்கிட்ட அந்தப் பேரு வாங்கினதில்ல. கப்ப வேலையெல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு. அஞ்சே முக்கால் ஃபெரிக்குப் போனாத்தான் பட்டர்வொர்த்துல ஆள் எடுக்குற தண்டல் பேரு கூப்புடும்போது நிக்க முடியும். திரும்பி வர ஆறு மணி ஆகும். நீங்க எட்டு மணிக்குத் தொறந்து நாலு மணிக்குச் சாத்துறீங்க. அவரு எப்பதான் வருவாரு? இங்க வந்த ஒவ்வொரு நாளும் அங்க வேல இல்ல. கடைசி நாள் நீங்க பேசினத வந்து சொன்னாரு. 'டிரசர் சொல்றது சரிதான், புள்ளைங்களுக்குக் குடுத்துருவேன்'னு சொல்லிட்டு அன்னையிலேருந்து வாசல்லதான் படுத்தாரு."

மகளே, நான் அந்தக் கிளினிக்கில் அப்போதே பதினோரு வருடம் இருந்தவன். என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஃபெரி போவதும் வருவதும் தெரியும். அதில் போகிறவர்கள் யார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பரிசோதனையில் பையனுக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு நோய் தொற்றியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண். அந்தப் பிள்ளைக்கு லெட்சுமி ஒரு நாள் மருந்தைக்கூடத் தவறவிடவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரையில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாளே பயந்துகொண்டு ஓடிவந்தாள். விளக்கியதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒருத்தர் மாத்திர சாப்புட்டாரா, ஏமாத்துறாரான்னு இதை வெச்சே கண்டுபிடிச்சிரலாமே" என்றாள். எனக்குப் பாடப்புத்தகத்தில் வந்த செய்தி அவளுக்கு அரை நிமிடத்தில் வந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் குடியிருந்த தொழிலாளர் குவார்ட்டர்ஸில் இருமுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், யாரும் கிளினிக்குக்கு வரமாட்டார்கள் என்று. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணு நேரம். இன்னொண்ணு உங்க வாயி" என்றாள்.

ஜெட்டி யோசனை அவளுடையதுதான். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் அந்தக் கோப்பில் அது என் யோசனை என்று இருக்கிறது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் அஞ்சு மணிக்கெல்லாம் கடையில நிக்கிறேன். எல்லாரும் அந்த வழியாத்தான் ஃபெரிக்குப் போறாங்க. மாத்திரைய என்கிட்ட குடுங்க. கண்ணு முன்னாடி முழுங்க வெச்சு அனுப்புறேன்." கடைக்காரர் தமிழ் முஸ்லிம், எல்லோருக்கும் அவர் நானா. லெட்சுமி ஏற்கெனவே அவரிடம் கேட்டு, பின்பக்கத்தில் ஒரு மேசைக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். நான்தான் பெரிய டாக்டரிடம் போகப் பயந்துகொண்டு மூன்று வாரம் கடத்தினேன். ஒருவழியாகப் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கையில் மருந்தைக் கொடுத்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: லெட்சுமியை மட்டும் நம்பக்கூடாது, ஐந்தாறு பெண்களுக்காவது முறையாகப் பயிற்சி கொடுக்கவேண்டும்.

இனி நம் வீட்டுக் கதை ஒன்று. உனக்கு அப்போது ஒன்பது வயது. பயிற்சிக்கு நான் எழுதிய சுவர்ப்படங்களை வாங்கிப்போக லெட்சுமி ஒரு சனிக்கிழமை மாலை நம் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளை வெளி வராந்தாவில் உட்காரவைத்து, பழைய இனாமல் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ கதவோரம் நின்று பார்த்துவிட்டு, நன்றாகக் கேட்கும்படி, "அம்மா, அது பூனைக்குப் பால் வைக்கிற கோப்பையெல்லோ?" என்றாய். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். லெட்சுமி கோப்பையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாரேன்மா" என்று சொல்லிப் போனாள். அன்று உனக்கு அம்மாவிடம் அடி விழுந்தது. அந்த அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது. அம்மாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அம்மாவின் மூத்த அண்ணன், நீ பார்க்காத மாமா, இருபது வயதில் கசத்தில், இதே காசநோயில், போனவர். அவருடைய தட்டையும் கோப்பையையும் பாயையும் வீட்டார் கொல்லையில் போட்டு எரித்ததை அம்மா ஆறு வயதில் பார்த்தவள். நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, வீட்டுக்குள் வருமுன் என்னைப் பின்பக்கம் குளிக்கவைத்தவள். அன்று படுக்கப் போகும்போது, "இஞ்சாருங்கோ, எனக்கு வெறுப்பில்லை, பயம்தான்" என்றாள். கோப்பையால் இந்த நோய் பரவாது என்று எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். சொந்த வீட்டில் மனைவிக்கு அதை உட்காரவைத்து ஒரு தடவை விளக்கினேனா? இல்லை. சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வகுப்பு கோவில் மண்டபத்தின் பின்கட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மலாய்க்காரி, லெட்சுமியின் பக்கத்து வீட்டு ஃபாத்திமா. அம்மாவும் வந்து கடைசியில் உட்கார்ந்தாள். எதற்கு வந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் ஒன்றேகால் மணிநேரம் பேசினேன். கிருமியின் வடிவம், நுரையீரலின் பாகங்கள், மருந்துகளின் முழுப்பெயர். "காற்றின் வாயிலாகப் பரவும் இயல்புடையது" என்றெல்லாம் என் படத்தில் எழுதியிருந்தேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தூங்கிவிட்டாள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது அம்மாதான், தலையைக் குனிந்தபடி, "அவையள் குடிச்ச கோப்பையில நாங்கள் குடிச்சால் ஒட்டாதோ?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமி திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "ஒட்டாதுக்கா. இருமும்போது காத்துல வர்றதுதான். அதுவும் சும்மா கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னா வந்துராது. சன்னலச் சாத்திக்கிட்டு ஒரே ரூம்ல மாசக்கணக்குல கெடந்தாத்தான். ரெண்டு மூணு வாரம் ஒழுங்கா மாத்திர சாப்புட்டா அப்புறம் அவங்ககிட்டேருந்து பரவுறதே கொறைஞ்சிரும். எம் மக தம்ளர்லதான் நான் தெனமும் குடிக்கிறேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவரு வாசல்ல படுத்திருக்க மாட்டாரு" என்றாள். தூங்கியவளும் விழித்துக்கொண்டு கேட்டாள். அன்று நடந்த வகுப்பு அந்த இரண்டு நிமிடம்தான்.

அம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அது வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என் படங்களை மேசையில் விரித்து, பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவளுக்கு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் அவள் கொடுத்தது நான்கே நான்கு படம். திறந்த ஜன்னல். இருமும்போது வாயை மூடும் துண்டு. சூரியன் உதிக்கும்போது மாத்திரை. மஞ்சள் கண்ணும் சொறியும் உள்ள ஒரு முகம், அதன் பக்கத்தில் ஆஸ்பத்திரி வண்டி. எழுத்து என்று ஒன்றும் இல்லை. நான்காவது படம் எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லிப் பயமுறுத்தினால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள் என்பது என் வாதம். "லெட்சுமிதான் கேட்டவ. அவவுக்கு வேணுமாம்" என்று அம்மா முடித்துவிட்டாள். நானோ அடுத்த வகுப்பிலேயே, "எது நடந்தாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்று ஆறு பேரையும் மூன்று தடவை சொல்லவைத்தேன்.

ஜெட்டி மேசை தொடங்கியது. விடியற்காலையில் சைக்கிள்களும் லாரிகளும் ஃபெரிக்குக் காத்து நிற்கும்போது, ஆட்கள் கடையின் பின்பக்கம் போய், மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஓடுவார்கள். யார் வரவில்லையோ அவர் வீட்டுக்கு அன்று மாலையே ஆறு பேரில் ஒருத்தி போவாள். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். "உடம்பு என்ன பண்ணுது?" என்றுதான் கேட்பார்கள். இதையும் லெட்சுமிதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். என் கோப்பில் இல்லை. வராதவர்களின் பெட்டியிலிருந்து அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரிய டாக்டர் ஒரு நாள் தானே விடியற்காலை வந்து நின்று பார்த்துவிட்டு, நானாவிடம் ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, ஆறுமுகம் என்ற ஒருவருக்கு லெட்சுமி மாத்திரை கொடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அன்றைய மாத்திரைப் பெட்டி அப்படியே இருந்தது. கேட்டால், "நேத்தே சோறு வேணாம்னாரு, வாந்தி. இன்னைக்குக் கண்ணு மஞ்சளா இருந்துச்சு. மாத்திர குடுக்காம டாக்சியில ஏத்தி ஃபாத்திமாகூட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்" என்றாள். எனக்குத் தலை கொதித்தது. "யாரைக் கேட்டு நிறுத்தினாய்? நீ டாக்டரா? இதற்குத்தான் உங்களை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது என்கிறார்கள்" என்று கத்தினேன். ஃபெரிக்கு நின்ற இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானா அடுப்பிலிருந்து வந்து நின்றார். லெட்சுமி, உன் அம்மா வரைந்த நான்காவது படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறுமுகத்தின் ஈரல் மருந்தினால் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது. இன்னும் சில நாள் மாத்திரை உள்ளே போயிருந்தால் ஆள் போயிருப்பார் என்றார். "நிறுத்தச் சொன்னது யார்? நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறாய்" என்று என்னைப் பாராட்டினார். நான் "நன்றி டாக்டர்" என்று சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. முனியாண்டியிடம் செய்ததையே மறுபடியும் செய்திருந்தேன். அதே குரலில், அதேபோல ஒரு கூட்டத்துக்கு முன்னால். இந்தத் தடவை அவள் என் பேச்சைக் கேட்காமல் இருந்ததால் ஓர் ஆள் பிழைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் ஐந்தரைக்கு ஜெட்டியில் நின்றேன். நேற்று நின்ற அதே ஆட்கள் வரும்வரை காத்திருந்தேன். "லெட்சுமியம்மா, நேற்று நான் பேசியது தப்பு. நீங்கள் செய்ததுதான் சரி. ஆறுமுகம் உயிரோடு இருப்பது உங்களால்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நான் அவளை "நீங்கள்" என்றது அன்றுதான் முதல் தடவை. "சரி டிரசர். அஞ்சே முக்கால் போயிரப் போவுது, வழி விடுங்க" என்றாள். நான் நகர்ந்து நின்றேன்.

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. நீ வீட்டில் கேட்டதும் இதுவரைதான். இதற்கு மேல் உள்ளதை உனக்குச் சொன்னதில்லை.

சில வருடம் கழித்து மேலிடத்தில் இந்தத் தொண்டர் வேலையை முறைப்படுத்த முடிவு செய்தார்கள். மாதப்படி, சீருடை, பெயர் பொறித்த வில்லை, சான்றிதழ், வீட்டுக்கு வீடு போக ஒரு சைக்கிள். நாங்கள் கெஞ்சிக் கேட்ட எல்லாம் வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவம் வரை படித்திருக்கவேண்டும். தேர்வுக் குழுவில் மூன்று பேர், நானும் ஒருவன். லெட்சுமியின் விண்ணப்பம் வந்தது. மகள் கையெழுத்தில் எழுதி, கீழே அவள் பெருவிரல் வைத்திருந்தாள். தலைவர், "இது முடியாது, இல்லையா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடம்தான் இருந்தது. விதி விதிதானே என்றும் ஒரு எண்ணம். நான் தலையை ஆட்டினேன், மகளே. அந்த விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்தது என் கைதான். புதிதாக எடுத்த பெண்கள் நல்ல பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேர் ஒரு மாதம் ரகசியமாக லெட்சுமியிடம் போய் வேலை கற்றுக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதன் பின் நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனார். லெட்சுமி கல்யாணமான மகளோடு புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்விட்டாள்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. தொண்டர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதி மூன்றாம் படிவம் என்று வைக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். அதை வாசித்த பிறகு இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. புதன்கிழமை ஃபெரி ஏறி அக்கரை போய், பஸ் பிடித்து லெட்சுமியைப் பார்க்கப் போனேன்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அதே உறுதி. மகளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். தேர்வுக் குழுவில் நான் தலையாட்டியதைச் சொன்னேன். அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. "மன்னிச்சிருங்க" என்றேன். வயதான காலத்தில் தேடி வந்து கேட்டால், பரவாயில்லை டிரசர் என்று சொல்வாள் என எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "நீங்க ஒரு வார்த்த பேசியிருந்தா எனக்கு அந்த வேல கெடைச்சிருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான் என்று சொன்னாள். பிறகு, "சாப்புடுறீங்களா? மீன் குழம்பு இருக்கு" என்றாள். சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது உன்னைப் பற்றிச் சொன்னேன். பூனைக் கோப்பை கேட்ட பிள்ளையா என்று சிரித்தாள். அந்த மலைக்கிராமங்களில் வயதான பெண்களைத்தான் சனங்கள் தேடிப் போகிறார்கள், அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, அவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று உனக்குத் தெரியவில்லை என்று உன் கடிதத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். அவள் பாத்திரத்தை ஓரமாக வைத்தாள்.

"அங்க மலாய் பேசுவாங்களா?"

"ஓரளவுக்குப் பேசுவார்களாம்."

"கடத்தெருவுல பேசுற பாசார் மலாய்லதான் ஜெட்டியில எல்லாருக்கும் மாத்திர குடுத்தேன். அது போதும்." கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சம்பளம் உண்டா?"

"யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான். சும்மா வரமாட்டேன் டிரசர். ஒரு தடவ சும்மா செஞ்சேன். ஆள் வேணாம்னு சொன்னப்ப எடுத்துக் காட்ட என்கிட்ட ஒரு காயிதம்கூட இல்ல. பாப்பா கூப்புட்டா வாரேன். ஆனா காயிதத்துல என் பேரு இருக்கணும். என்ன வேலன்னு இருக்கணும். எத்தன மாசம், எவ்வளவு சம்பளம், எல்லாம் இருக்கணும். ஒதவியாளர்னு போடக்கூடாது. பயிற்சி குடுக்கறவங்கன்னு போடணும்."

அம்மாவிடம் வந்து சொன்னேன். "சரியாத்தானே கேக்கிறா" என்று சொல்லிவிட்டு, மலைப்பக்கம் குளிரும் என்று தன் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். லெட்சுமிக்கு அளவு சரியாக இருக்குமாம்.

உன் மேலதிகாரியிடம் என்ன பேசவேண்டும், எந்த விதியை மாற்றவேண்டும், எந்தக் கணக்கிலிருந்து சம்பளம் எடுக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அது லேசான வேலை இல்லை என்று மட்டும் தெரியும். நீ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் உன்னைப் பார்த்து, "இது முடியாது, இல்லையா?" என்று கேட்பார். நான் செய்ததை நீ செய்யாதே. வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

அவள் முழுப்பெயர் லெட்சுமி த/பெ காளிமுத்து. முகவரியைத் தனித்தாளில் எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். கடிதத்தை என் மூலமாக அனுப்பாதே. நேராக அவள் பெயருக்கே போடு.

அன்புடன்,
அப்பா